வேறு ஏற்பாடு

டீச்சருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் வயிற்றெரிச்சல் தொடங்கியது, அவளுடைய தம்பி அதில் சேர்ந்த அன்றைக்கு.

அப்போது அவள் டீச்சர் இல்லை. இரட்டைப் பின்னல் போட்ட சின்னப் பெண். தம்பிக்குப் புதுக் கால்சட்டை, புது டை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் ஷூ. அப்பா அவனை ஒரு கையிலும் இவளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனார். பெரிய இரும்பு கேட். கேட்டுக்கு மேலே ஒரு புனிதரின் சிலை. அவர் ஒரு பையனின் தோளில் கை போட்டபடி தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் தம்பியின் கன்னத்தைத் தட்டி உள்ளே விட்டார். இவளைப் பார்த்து, "நீ இங்கயே நில்லும்மா. இது பசங்க ஸ்கூல்," என்றார்.

நின்றாள். கம்பிகளுக்கு இடையில் பார்த்தாள். வளைவு வளைவாக நீளும் தாழ்வாரம், கண்ணுக்கெட்டிய தூரம் மைதானம், மாடி ஏற அகலமான படிகள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில்தான் அவள் படித்தாள். அங்கே மைதானம் என்று சொல்லப்பட்ட இடத்தில் இரண்டு பெண்கள் ஸ்கிப்பிங் ஆடினால் மூன்றாமவள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

தம்பிக்குப் படிப்பு சுத்தமாக ஏறவில்லை. பின்னக் கணக்கைக் கண்டால் அவனுக்குக் காய்ச்சலே வந்துவிடும். அக்காதான் போட்டுக் கொடுப்பாள். மறுநாள் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று வரும். அவன் அதை வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிவான். அம்மா அவனுக்குத் திருஷ்டி கழிப்பாள். இவள் மூலையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

பள்ளியின் வரலாற்றை அங்கே எல்லாப் பையன்களும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஆண்டு விழாவுக்காக அவன் ஒப்பித்து ஒப்பித்து, கடைசியில் இவளுக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. கப்பலில் வந்து இறங்கிய ஒரு பாதிரியார், துறைமுகத்தில் சுற்றித் திரிந்த அநாதைப் பையன்களைச் சேர்த்து, மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த குதிரை லாயத்தில் ஆரம்பித்த பள்ளி அது. சரக்குப் பெட்டிகளை உடைத்துத்தான் முதல் பெஞ்சுகள் செய்தார்கள். கட்டடத்துக்கான செங்கல்லைப் பையன்களே வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுத்தார்கள். யுத்த காலத்தில் சிப்பாய்கள் கட்டடத்தைப் பிடித்துக்கொள்ள, வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. அப்புறம் ஆய்வுக்கூடம் தீப்பிடித்தது, மறுபடி கட்டியது, ஹாஸ்டல் வந்தது, அறை அறையாகப் பெருகியது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் தம்பியிடம் கேட்டாள்: "இதுல ஒரு பொம்பளைகூட இல்லையாடா?"

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். "மாதா இருக்காங்களே," என்றான்.

அவள் வளர்ந்தாள், கணிதம் படித்தாள், முதல் வகுப்பில் தேறினாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளோடு படித்தவர்களில் ஒருவர் நெடுநெடுவென்று வளர்ந்தவர். கால் இரண்டும் தனித்தனியாக நடப்பது போல நடப்பார். கெட்டிக்காரர். ஆனால் ஒவ்வொரு பரீட்சையிலும் அவளுக்கு ஒரு படி கீழேதான். அந்த ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் இடம் காலியானபோது இரண்டு பேருமே விண்ணப்பித்தார்கள். ஒரே நாளில் நேர்முகம். தலைமை ஆசிரியராக இருந்த வயதான ஃபாதர் அவளுடைய சான்றிதழ்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"மார்க்கெல்லாம் பிரமாதமா இருக்கும்மா. ஆனா நான் என்ன பண்ண? இவ்வளவு பெரிய கட்டடத்துல பொம்பளைங்களுக்குன்னு ஒரு பாத்ரூம்கூடக் கிடையாது."

வேலை நெடுங்காலருக்குக் கிடைத்தது. வெளியே வந்து, தயங்கித் தயங்கி அவளிடம்தான் முதலில் சொன்னார். அவள் வாழ்த்தினாள். முகம் சிரித்தது, வயிறு கபகபவென்று எரிந்தது. அடுத்த வருஷம் அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். காதல் கல்யாணமா என்று பிற்பாடு யாராவது கேட்டால் ஆமாம் என்பாள். பொய்யில்லை. ஆனால் பாதி காதல் என்றால் மீதி பாதி அந்தப் பள்ளிக்கூடம். கேட்டுக்கு உள்ளே வேலைக்குப் போக முடியாவிட்டால், உள்ளே போய் வருகிறவர் சட்டையில் ஒட்டியிருக்கும் சாக்பீஸ் தூளையாவது தட்டிவிடலாம் அல்லவா?

அந்தப் பள்ளியில் பட்டப்பெயர் கிடைக்காத வாத்தியாரை வாத்தியார் என்றே யாரும் மதிப்பதில்லை. அவர் கால்களைப் பார்த்துப் பையன்கள் முதல் வாரமே 'காம்பஸ்' என்று வைத்துவிட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அன்று சோற்றை வேண்டுமென்றே கொஞ்சம் குழைய விட்டாள்.

அவளுக்கு எதிர்ப்பக்கத்துப் பெண்கள் பள்ளியிலேயே வேலை கிடைத்தது. சின்ன வகுப்பு. வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது, மூக்கு துடைத்துவிடுவது. சாயங்காலம் காம்பஸ் சார் விடைத்தாள் கட்டுகளோடு வருவார். "கொஞ்சம் பார்த்துக் கொடேன், கண்ணு எரியுது," என்பார். திருத்துவது அவள்தான். நாளாக நாளாக அந்தப் பையன்களை முகம் தெரியாமலே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஒருவன் மைனஸைத் தொலைத்துவிடுவான். ஒருவன் கடைசி வரியில் அவசரப்பட்டுக் கெடுப்பான். ஒருவன் படம் வரைந்தால் வட்டம் முட்டையாகிவிடும். ஒருவனுடைய வழிமுறையைப் பார்த்து அவளே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், அத்தனை அழகு. அதே பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார்கள்.

"ஆன்ட்டி, சார் இருக்காரா?"

ஆன்ட்டியாம்! காதில் புகை வராத குறைதான். டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுக்களையில் நின்று ஒட்டுக்கேட்பாள். அவள் எழுதிய குறிப்பையே அவர் சொல்ல, பையன்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு மகள் பிறந்தாள். அவளும் எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்குத்தான் போனாள். எனக்கும் அந்த கேட் இல்லை, என் பொண்ணுக்கும் இல்லை என்று டீச்சர் மனதுக்குள் ஒரு கணக்கை எழுதி வைத்துக்கொண்டாள்.

காம்பஸ் சாருக்குக் குரல் போனது அப்போதுதான். முதலில் கரகரப்பு. கஷாயம் குடித்தார், கழுத்தில் மஃப்ளர் சுற்றினார். ஒரு நாள் வகுப்பில் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தொண்டையில் சின்னக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, ஆபரேஷன் முடிந்ததும் பல மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார் டாக்டர். வீட்டில் மகளுடைய பழைய சிலேட்டில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார்.

பொதுத்தேர்வு வகுப்பு நட்டாற்றில் நின்றது. புதிதாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்திருந்த இளம் ஃபாதர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்குப் பதற்றம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். "எங்கயும் ஆள் கிடைக்கல சார். நல்ல கணக்கு வாத்தியாருங்க எல்லாம் எங்கயாவது வேலையில இருக்காங்க. என்ன பண்றதுன்னே தெரியல."

காம்பஸ் சார் சிலேட்டில் ஒரு பெயர் எழுதினார். அழித்தார். இன்னொன்று எழுதினார்.

"நான் வர்றேன் ஃபாதர்," என்றாள் டீச்சர்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க... எங்க ஸ்கூல்ல வந்து..." ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். "அதில்லம்மா, அங்க பாத்ரூம்..."

"எதிர்லதான் என் ஸ்கூல் இருக்கு. ரோட்டைத் தாண்டினாப் போதும். சிஸ்டர்கிட்ட நான் லீவு சொல்லிக்கிறேன்."

ஃபாதர் காம்பஸ் சாரைப் பார்த்தார். காம்பஸ் சார் சிலேட்டைப் பார்த்தார். கடைசியில் அவர் தலை மெல்ல அசைந்தது. அது சம்மதமா, கழுத்து வலியா என்று டீச்சர் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் கேட்டுக்கு உள்ளே போனாள். வாட்ச்மேன் புது ஆள்; எழுந்து நின்று வணக்கம் வைத்தார். தாழ்வாரத்தில் தன் செருப்புச் சத்தம் தனக்கே கேட்க நடந்தாள். வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. மீசை அரும்பிய முகங்கள். உள்ளுக்குள் ஒரு கேலி தயாராகிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் ஒவ்வொருவனாகக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு வரி எழுதச் சொன்னாள்.

"ஓ, நீதானா அந்த மைனஸைத் தொலைக்கிறவன்? நீ முட்டை வட்டம். நீ கடைசி வரிக்கு முன்னாடி ஒரு தடவை மூச்சு விட்டுக்கணும், சரியா?"

எவனோ ஒருவன் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். தப்பாகப் போட்டவனைத் திட்ட மாட்டாள். கையில் ஒரு ரப்பர் வைத்திருப்பாள், பெஞ்சில் வைத்து, "அழிச்சிட்டு மறுபடி போடு," என்பாள். ஒரு வாரத்தில் கழிவறைச் சுவரில் 'ரப்பர் டீச்சர்' என்று எழுதியிருந்தது. பியூன் சங்கடத்தோடு வந்து சொன்னார். "அழிச்சிடட்டுமாம்மா?"

"அழிச்சீங்கன்னா கெட்ட கோபம் வரும்," என்றாள் டீச்சர்.

இப்போது சாயங்காலங்கள் தலைகீழாகிவிட்டன. அவள் சேலையில் சாக்பீஸ் தூளோடு வருவாள். அவர் கூடத்தில் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பார். அவள் பேசுவாள். இன்று யார் என்ன கேட்டான், யார் எந்தக் கணக்கைப் புது வழியில் போட்டான், மதியம் எல்லோரும் சேர்ந்து அவளை எப்படி மடக்கப் பார்த்தார்கள். தேவைக்கு மேலேயே பேசினாள். இத்தனை வருஷம் கேட்ட காது, வட்டியும் முதலுமாக வாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு நாள் சிலேட்டில் எழுதினார்: 'என்னைப் பற்றிக் கேட்டார்களா?'

"கேட்டாங்க, கேட்டாங்க," என்றாள். அது பொய். அவருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் மதிய நேரத்தில் பள்ளிப் பக்கம் போக ஆரம்பித்தார். தாழ்வாரத்தில் தூண் மறைவில் நிற்பார். வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அவருடைய வகுப்பில் பையன்கள் மரியாதையாக இருப்பார்கள், கவனமாக இருப்பார்கள், சிரித்ததில்லை. ஒரு தடவை டீச்சர் ஜன்னல் வழியாகத் தூணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த நீளக் காலைப் பார்த்துவிட்டாள். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. அப்புறம் அடுத்த கணக்கைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிக்கொடுத்தாள்.

டாக்டர் சொன்ன நாள் வருவதற்கு முன்பே காம்பஸ் சார் பேசத் தொடங்கினார். தகரத்தை இழுத்தாற்போல ஒரு குரல். ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னையிலேர்ந்து நான் போறேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"என் கிளாஸ் அது."

"நிகழ்தகவு இன்னும் முடிக்கலைங்க. அதை மட்டுமாவது..."

"நான் முடிச்சுக்கிறேன்."

அவள் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். அந்த வருஷம் கணக்கில் ஒருவனும் தவறவில்லை. பள்ளி வரலாற்றில் அதுவே முதல் தடவை. ஃபாதர் காம்பஸ் சாருக்குச் சால்வை போர்த்தினார்.

வருஷங்கள் போயின. நிர்வாகம் மாறியது, பெண்களுக்கான கழிவறை கட்டினார்கள், கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஒரு இளம்பெண் வந்தாள். பின்னால் நிறையப் பேர் வந்தார்கள். டீச்சரும் காம்பஸ் சாரும் ஓய்வு பெற்றார்கள். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். பள்ளிக்கு நூறு வயது நெருங்கியபோது நூற்றாண்டு மலரில் பள்ளி வரலாற்றை எழுதும் பொறுப்பு காம்பஸ் சாரிடம் வந்தது. மாதக்கணக்கில் எழுதினார். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்ததும், "கொஞ்சம் பார்த்துக் கொடேன், கண்ணு எரியுது," என்று அவளிடம்தான் நீட்டினார்.

அவள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். குதிரை லாயம், சரக்குப் பெட்டி பெஞ்சு, சிப்பாய்கள், தீ. எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார். ஒற்று விட்ட இடங்களில் ஒற்றுப் போட்டாள். பிறகு அந்த வருஷம் வந்தது. 'கணக்கு ஆசிரியர் உடல்நலம் குன்றியதால் வேறு ஏற்பாடு செய்யப்பட்டது. அவ்வாண்டு கணிதத்தில் முழுத் தேர்ச்சி கிடைத்தது.' பக்கத்தைத் திருப்பினால் கம்ப்யூட்டர் டீச்சரின் படம். கீழே: 'பள்ளியின் முதல் பெண் ஆசிரியர்.'

பேனாவை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, வேறு ஏற்பாடு?"

"அப்படித்தான் எழுதுவாங்க."

"தண்ணி வரலைன்னா வேறு ஏற்பாடு பண்ணுவாங்க. கரண்ட் போச்சுன்னா வேறு ஏற்பாடு பண்ணுவாங்க. நான் என்ன ஜெனரேட்டரா?"

"ஸ்கூல் வரலாற்றுல நம்ம வீட்டு ஆளை நுழைச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"உங்க பேரு பக்கத்துக்குப் பக்கம் வருதே, அதுக்கு நாலு பேரு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

அவர் தாளை மடித்தார். "உனக்கு ஆரம்பத்துலேர்ந்தே என் மேல பொறாமை."

"ஆமா," என்றாள் டீச்சர். "இருந்துச்சு. இப்பவும் இருக்கு. நான் எப்ப இல்லைன்னு சொன்னேன்? உங்களுக்கு?"

அவர் எழுந்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

அவள் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். மறுநாள் பார்த்தால் அதை நீல மையில் அடித்து, பழைய வரியே இருக்கட்டும் என்று குறி போட்டிருந்தது. அவள் நீலத்தை அடித்தாள். அவர் சிவப்பை அடித்தார். வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு நடந்தது, காபி நேரத்துக்கு வந்தது, இரண்டு பேரும் வானிலை பேசினார்கள். அந்தப் பக்கம் மட்டும் குருக்ஷேத்திரமாகக் கிடந்தது. கடைசியில் அச்சகத்து ஆள் வந்து அப்படியே அள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் போன் வந்தது. டீச்சர்தான் எடுத்தாள்.

"அம்மா, அச்சகத்துலேர்ந்து பேசறேன். ஒரு பக்கத்துல சிவப்பும் நீலமுமா ஒண்ணும் புரியலைங்க. கம்போஸ் பண்ற பொண்ணு அழாத குறையா உட்கார்ந்திருக்கு. அங்க என்னதான் போடணும்?"

சொல்லிவிட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தன் வாயால் தன்னைச் சொல்லி அச்சேற்றுவது என்னவோ போல இருந்தது. போனை அவரிடம் நீட்டினாள்.

காம்பஸ் சார் வாங்கினார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் முழுசாகத் திரும்பவே இல்லை, தகரம்தான்.

"எழுதிக்கங்க. 'கணக்கு ஆசிரியர் குரலிழந்த ஆண்டில் அவருடைய மனைவி...' இல்ல, அதை அடிங்க. 'கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய ஓர் ஆசிரியை அவ்வகுப்பை ஏற்றார்.' பேரைச் சொல்றேன், அப்படியே போடுங்க." சொன்னார். "'இப்பள்ளியில் பாடம் நடத்திய முதல் பெண் அவரே. முழுத் தேர்ச்சி அவருடைய உழைப்பு.' முற்றுப்புள்ளி. 'மாணவர்கள் அவரிடம் மிகுந்த பிரியமாக இருந்தார்கள்.'"

"சார், கடைசி வரிக்கு இடமில்லைங்களே. எடுத்துடட்டுமா?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம். மேல என்னைப் பத்தி ஒரு பத்தி இருக்கும் பாருங்க, அதுல குறைங்க," என்றார். "அடுத்த பக்கத்துப் படத்துல 'முதல்'ங்கிறதை எடுத்துடுங்க."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமலேயே அறைக்குள் போனார். அன்றைக்குச் சோறு பதமாக வெந்திருந்தது. சாப்பிடும்போது மட்டும் கேட்டாள், "என் போட்டோ ஒண்ணு போடச் சொல்லியிருக்கலாமே?"

"இடமில்ல."

"உங்க போட்டோ அரைப் பக்கத்துக்கு இருக்கே?"

"அது இருக்கட்டும்," என்றார் காம்பஸ் சார்.

விழா மைதானத்தில் நடந்தது. கொடிகள், பேண்டு வாத்தியம், தலைநரைத்த பழைய மாணவர்கள். முதல் வரிசையில் நாற்காலி போட்டு டீச்சரை உட்காரவைத்திருந்தார்கள். மலரை எல்லோருக்கும் கொடுத்தார்கள். புரட்டுகிற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் எழுந்து வந்தாள். இப்போது அவளும் இளம்பெண் இல்லை. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் 'நம் பள்ளியின் முதல் பெண் ஆசிரியர்' என்றுதான் மேடையில் அவளை அழைப்பார்கள். கையில் மலர் விரித்தபடி இருந்தது.

"வாழ்த்துகள் மேடம்," என்றாள். "எனக்கு இது தெரியவே தெரியாது. இத்தனை வருஷமா நான்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உதடு சிரித்த அளவுக்குக் கண் சிரிக்கவில்லை. மலரைப் பிடித்திருந்த விரல்கள் அந்தப் பக்கத்தின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தன. அந்த முகத்தை டீச்சருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ சாயங்காலம் அடுக்களைக் கண்ணாடியில் பார்த்த முகம். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உட்காரும்மா," என்றாள். "எந்த கிளாஸ் எடுக்கறே இப்போ? பசங்க உனக்கு என்ன பேரு வச்சிருக்காங்க?"

அந்தப் பெண் உட்கார்ந்தாள். டீச்சருக்குப் பாவமாகவும் இருந்தது, பரம திருப்தியாகவும் இருந்தது.